ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்



டிசம்பர் 22 கணித மேதை சீனிவாச ராமானுஜன் பிறந்த நாள். 2012 முதல் இந்த நாளை நம் நாடு தேசியக் கணித தினமாகக் கொண்டாடுகிறது. அதற்காகச் சுவர் இதழுக்கு ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கணக்கு சார் சொன்னார். "1729 பத்தி எழுதட்டுமா சார்?" என்று கேட்டேன். "அதை வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் எழுதுறீங்கப்பா. நான் ஒரு எண் தரேன், அதைப் பத்தி எழுது" என்று சொல்லிக் கரும்பலகையில் எழுதினார்:

67,46,32,83,88,800

எங்கே, ஒரே மூச்சில் படியுங்கள் பார்க்கலாம்! ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று லட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு. மொத்தம் 13 இலக்கம்.

இந்த எண்ணை சார் ஏன் எனக்குக் கொடுத்தார் என்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்சம் வெட்கமான காரணம்தான். இருந்தாலும் சொல்கிறேன்.

நான் விட்ட ஒரு எண்

வகுப்புத் தேர்வில் ஒரு கேள்வி வந்தது. "360-இன் காரணிகள் எத்தனை? அனைத்தையும் எழுதுக." (காரணி என்றால் மீதி இல்லாமல் வகுக்கும் எண் என்பது எல்லோருக்கும் தெரியும்.) நான் 1, 2, 3, 4, 5 என்று வரிசையாக வகுத்துப் பார்த்து எழுதி, கடைசியில் "மொத்தம் 23" என்று கோடு போட்டு முடித்தேன். சரியான விடை 24. நான் 24 என்ற எண்ணையே விட்டுவிட்டேன்! சார் மதிப்பெண் போடவில்லை.

எனக்கு ரொம்பக் கோபம் வந்தது. 23 சரியாக எழுதி ஒன்றே ஒன்றுதானே விட்டேன்? நேராகப் போய்க் கேட்டேன். சார் திட்டவில்லை. "ஒண்ணு விட்டது பெரிய தப்பு இல்லப்பா. விட்டுட்டோம்னு தெரிஞ்சுக்க உன்கிட்ட வழி இருந்துச்சு. அதை நீ பாக்கலை. 23-ங்கிறதைப் பாத்ததுமே அது தப்புன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார்.

எப்படி என்று கேட்டேன். காரணிகள் எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் வரும். 1 × 360, 2 × 180, 3 × 120, 4 × 90 என்று போய்க்கொண்டே வந்தால் 18 × 20 வரை 12 ஜோடி. ஆக 24. ஒரு எண் தன்னோடு தானே ஜோடி சேர்ந்தால்தான் (6 × 6 = 36 போல) எண்ணிக்கை ஒற்றைப்படையாகும். 360 வர்க்க எண் அல்ல. ஆகவே அதற்கு 23 காரணி இருக்கவே முடியாது. 15-ஐ எழுதிய நான் அதன் ஜோடி எங்கே என்று பார்த்திருந்தால் 24 அங்கேயே கிடைத்திருக்கும்.

வீட்டில் அப்பாவிடம் இதைச் சொன்னேன். எங்கள் வீட்டில் பட்டுத் தறி இருக்கிறது. போன வருஷம் அப்பா நெய்த ஒரு சேலையில் பாவில் ஓர் இழை அறுந்தது தெரியாமல் ஒரு முழம் போய்விட்டது. மெல்லிய கோடுதான். ஆனால் வேலை கொடுத்தவர் கூலியில் பிடித்துக்கொண்டார். அதை மனதில் வைத்தோ என்னவோ அப்பா சொன்னார்: "எண்றதுக்கு முன்னாடியே எத்தனை வரணும்னு தெரிஞ்சிருக்கணும்டா. அப்பதான் குறைஞ்சா கண்ணுக்குத் தெரியும்."

இந்தக் கட்டுரையின் பாடமே அதுதான். இனி எண்ணுக்கு வருவோம்.

எண்ணாமலே எண்ணும் முறை

360-க்கு எத்தனை காரணி வரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும். முதலில் பகா எண்களாகப் பிரிக்க வேண்டும்.

360 = 2³ × 3² × 5

பத்தாம் வகுப்பில் அடிப்படை எண்ணியல் தேற்றம் படிக்கிறோம். எந்தப் பகு எண்ணையும் இப்படி ஒரே ஒரு வழியில்தான் பிரிக்க முடியும் என்கிறது அது. தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் தேற்றம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

இப்போது சேலை கணக்கு ஒன்று. உடலுக்கு 4 நிறம், கரைக்கு 3 நிறம், முந்திக்கு 2 நிறம் இருக்கின்றன. எத்தனை விதமான சேலை நெய்யலாம்? 4 × 3 × 2 = 24. இதை எண்ணிப் பார்க்க 24 சேலையையும் நெய்ய வேண்டியதில்லை அல்லவா?

காரணியும் இதே மாதிரிதான். 360-இன் ஒரு காரணியில் 2 என்பது ஒரு தடவையும் வராமல் இருக்கலாம். அல்லது ஒன்று, இரண்டு, மூன்று தடவை வரலாம். ஆக 4 வழி. 3-க்கு 3 வழி. 5-க்கு 2 வழி. 4 × 3 × 2 = 24. முடிந்தது! அடுக்கு ஒவ்வொன்றோடும் 1 கூட்டிப் பெருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த முறையைக் கரும்பலகையில் இருந்த பெரிய எண்ணுக்குப் போடுவோம்.

67,46,32,83,88,800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

காரணிகள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080

பத்தாயிரத்து எண்பது காரணிகள்! நிமிஷத்துக்கு ஒரு காரணி என்று தூங்காமல் சாப்பிடாமல் எழுதினால் எழுதி முடிக்கச் சரியாக ஏழு நாள் ஆகும் (7 × 24 × 60 = 10,080. நம்பாதவர்கள் பெருக்கிப் பார்க்கவும்). 1 முதல் 28 வரை உள்ள எல்லா எண்ணும் இதை மீதியில்லாமல் வகுக்கும். 29-தான் முதல் முதலில் வகுக்காத எண்.

பெரிய எண் என்றால் காரணி அதிகமா?

"பெரிய எண்ணா இருந்தா காரணியும் நிறைய இருக்கத்தானே செய்யும், இதுல என்ன அதிசயம்?" என்று என் பக்கத்து பெஞ்சு நண்பன் கேட்டான். நல்ல கேள்வி.

நம்ம வரதராஜப் பெருமாள் கோயிலில் இருப்பதை நூற்றுக்கால் மண்டபம் என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். தூண்களை எண்ணினால் 96. இப்போது 100-க்கும் 96-க்கும் காரணிகளை எண்ணுங்கள். 100-க்கு 9. 96-க்கு 12! சின்ன எண் ஜெயித்துவிட்டது. 101-ஐ எடுத்தால் இன்னும் மோசம், அது பகா எண், இரண்டே காரணி. ஆகவே எண் பெரிதாவதால் மட்டும் காரணி கூடுவதில்லை.

அப்படியானால் தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும் காரணி எண்ணிக்கையில் தோற்கடிக்கும் எண்கள் எவை? 12 அப்படிப்பட்டது. அதற்கு 6 காரணி. 1 முதல் 11 வரை எதற்கும் அத்தனை இல்லை. அதன் பிறகு வருபவை:

24 – 8 காரணிகள்
36 – 9
48 – 10
60 – 12
120 – 16
180 – 18
240 – 20
360 – 24

இவற்றை நான் இந்தக் கட்டுரையில் "மிகைப் பகு எண்கள்" என்று சொல்கிறேன். இந்தப் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு ஒரே ஆச்சரியம். ஒரு மணிக்கு 60 நிமிஷம். வட்டத்துக்கு 360 பாகை. எங்கள் தறியின் மேல் இருக்கும் ஜக்காடு பெட்டியில் 240 கொக்கி! அப்பாவிடம் கேட்டேன். "240-ன்னா பாதி, மூணுல ஒண்ணு, கால், அஞ்சுல ஒண்ணு எல்லாம் மிச்சமில்லாம வரும்டா. பூவை எப்படி வேணும்னாலும் பிரிச்சுப் போடலாம்" என்றார். 250 கொக்கியாக இருந்தால் மூன்றாகப் பிரிக்கும்போதே ஒன்று மிச்சம் நிற்கும்.

ராமானுஜன் செய்தது

ராமானுஜன் ஈரோட்டில் 1887-இல் பிறந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்தவர் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் சின்னக் குழந்தையாக இருந்தபோது அம்மாவோடு நம்ம காஞ்சிபுரத்தில் தாத்தா வீட்டில் இருந்திருக்கிறார் என்பது தெரியுமா? அம்மாவின் அப்பா இங்கே நீதிமன்றத்தில் வேலை பார்த்தார். அந்த வேலை போன பிறகு ராமானுஜனும் அம்மாவும் கும்பகோணம் திரும்பினார்கள்.

கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் மனம் போகாததால் எஃப்.ஏ. தேர்வில் அவரால் தேற முடியவில்லை. பிறகு சென்னைத் துறைமுகத்தில் கணக்கர் வேலை பார்த்துக்கொண்டே பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச் மாதம் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினார். மறு வருஷம் 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். அதன் பொருள் நாம் பார்த்துக்கொண்டிருக்கும் இதே மிகைப் பகு எண்கள்தான். இந்த ஆராய்ச்சிக்காகத்தான் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1916-இல் அவருக்குப் பட்டம் கொடுத்தது. எஃப்.ஏ. தேறாதவருக்குக் கேம்பிரிட்ஜ் பட்டம்!

அந்தக் கட்டுரையில் அவர் நிறுவியவற்றில் மூன்று நமக்கே புரியும்.

1. மிகைப் பகு எண்ணில் பகா எண்கள் 2, 3, 5, 7 என்று நடுவில் இடைவெளி விடாமல் வர வேண்டும். 42 = 2 × 3 × 7. இதில் 5 இல்லை. 7-ஐ எடுத்துவிட்டு 5-ஐப் போட்டால் 30. இரண்டுக்கும் 8 காரணிதான். சின்ன எண்ணே அத்தனை காரணி தரும்போது 42 எதற்கு?

2. அடுக்குகள் போகப் போகக் குறையலாம் அல்லது சமமாக இருக்கலாம், கூடக் கூடாது. 18 = 2 × 3². அடுக்கை மாற்றிப் போட்டால் 2² × 3 = 12. இரண்டுக்கும் 6 காரணி. ஆகவே 18 தோற்றது.

3. கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. இதற்கு விதிவிலக்கு 4, 36 இரண்டு மட்டுமே.

மேலே நம் பெரிய எண்ணின் அடுக்குகளைத் திரும்பிப் பாருங்கள்: 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. மூன்று விதியும் சரியாக இருக்கிறதா?

இந்த விதிகள் இருந்தாலும், அடுத்தடுத்த மிகைப் பகு எண்ணைக் கண்டுபிடிக்கச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழி தனக்குத் தெரியவில்லை என்று அவரே அதில் எழுதியிருக்கிறார். அப்படிச் சோதித்துச் சோதித்து 102 எண்களை அட்டவணையாகக் கொடுத்தார். கால்குலேட்டர் கிடையாது, கணிப்பொறி கிடையாது. அந்த அட்டவணையின் கடைசி எண்தான் 67,46,32,83,88,800.

ராமானுஜன் விட்ட ஒரு எண்

இங்கேதான் சார் ஏன் இந்த எண்ணை எனக்குக் கொடுத்தார் என்பது புரிந்தது. அந்த எண் வரைக்கும் அட்டவணையில் 103 எண்கள் இருந்திருக்க வேண்டும். ராமானுஜன் ஒன்றை விட்டுவிட்டார்! பின்னால் வந்தவர்கள் சரிபார்த்தபோது அது தெரிந்தது. விட்டுப்போன எண் இது:

2,93,31,86,25,600

அட்டவணையில் அதற்கு முன்னால் இருக்கும் எண்ணையும் பின்னால் இருக்கும் எண்ணையும் சேர்த்து எழுதுகிறேன்.

முன்னால் இருப்பது:
2,40,94,02,99,600 = 2⁴ × 3⁴ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23
காரணிகள் 4,800

விட்டுப்போனது:
2,93,31,86,25,600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19
காரணிகள் 5,040

பின்னால் இருப்பது:
3,21,25,37,32,800 = 2⁶ × 3³ × 5² × 7 × 11 × 13 × 17 × 19 × 23
காரணிகள் 5,376

மூன்றையும் நான் கையாலேயே பெருக்கிப் பார்த்தேன். இரண்டு நாள் ஆனது, நாலு தாள் ஆனது, நடுவில் இரண்டு தடவை தப்பும் வந்தது. கடைசியில் மூன்றும் சரியாக வந்தன.

அப்போது ஒன்று கண்ணில் பட்டது. முன்னால் உள்ளதிலும் பின்னால் உள்ளதிலும் 23 இருக்கிறது. விட்டுப்போனதில் மட்டும் 23 இல்லை. அதற்குப் பதில் 7 இரண்டு தடவை வருகிறது. 23 வரை வந்துவிட்ட பிறகு மறுபடி 19-க்கு இறங்கி வர வேண்டியிருக்கிறது. அந்த இடத்தில்தான் நழுவியிருக்குமோ? சாரிடம் சொன்னேன். "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது உன் ஊகம். ஊகம்னே எழுதிடு" என்றார். எழுதிவிட்டேன்.

இன்னொன்றும் கிடைத்தது. இது ஊகம் இல்லை. விட்டுப்போன எண்ணின் அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1. கடைசி எண்ணின் அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. கவனித்தீர்களா? விட்டுப்போன எண்ணை 23-ஆல் பெருக்கினால் அட்டவணையின் கடைசி எண் வந்துவிடுகிறது!

2,93,31,86,25,600 × 23 = 67,46,32,83,88,800

காரணிகளும் 5,040-லிருந்து இரு மடங்காகி 10,080 ஆகின்றன. தெருமுனைக் கடை அண்ணாச்சியிடம் 12 இலக்க கால்குலேட்டர் வாங்கி இதைப் போட்டுப் பார்த்தேன். விட்டுப்போன எண் 12 இலக்கம், திரை முழுக்க நிறைந்து அழகாக நின்றது. 23-ஆல் பெருக்கியதும் இடம் போதாமல் ஓரத்தில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்து வந்துவிட்டது. அண்ணாச்சி பயந்துபோய், "தம்பி, மெஷினைக் கெடுத்துட்டியா?" என்றார்!

ஆக, ராமானுஜன் விட்ட எண் எங்கோ தொலைவில் இல்லை. அவரே எழுதிய கடைசி எண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நான் விட்ட 24-ம் நான் எழுதிய 15-க்குப் பக்கத்திலேயேதான் இருந்தது.

ஒன்று சொல்லிக்கொள்கிறேன். "ராமானுஜனே விட்டுட்டார், நான் விட்டா என்ன?" என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அவர் விட்டது லட்சக்கணக்கான கோடி வரை போன வேலையில் ஒரே ஒரு எண். நான் விட்டது 360-இல். ஆனால் அவர் அட்டவணையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அதன் அடுக்குகளையும் காரணி எண்ணிக்கையையும் எழுதி வைத்தார். வழியைக் காட்டிச் செய்ததால்தான் பின்னால் வந்தவர்களால் சரிபார்க்க முடிந்தது. வெறும் விடையை மட்டும் எழுதியிருந்தால் குறை யாருக்கும் தெரிந்திருக்காது. சார் ஏன் எப்போதும் "ஸ்டெப்ஸ் போடு, ஸ்டெப்ஸ் போடு" என்று சொல்கிறார் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

அந்தக் கட்டுரை முழுதாக அப்போது அச்சாகவில்லை என்பதும் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. முதல் உலகப் போர்க் காலம், கழகத்தில் பணத் தட்டுப்பாடு. ஒரு பகுதியை விட்டுவிட்டுத்தான் அச்சிட்டார்கள். ராமானுஜன் 1920-இல் 32 வயதிலேயே இறந்துவிட்டார். விட்டுப்போன அந்தப் பகுதி 1997-இல்தான் அவர் பெயரிலேயே நடக்கும் கணித இதழில் வெளிவந்தது. 82 வருஷம் கழித்து!

என் விடைத்தாளை நான் கிழித்துப் போடவில்லை. 23 என்று எழுதிய இடத்துக்குப் பக்கத்தில் 4 × 3 × 2 = 24 என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். அப்பாவிடம் காட்டினேன். தறியை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "இனிமே எண்றதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்குவ இல்ல?" என்றார். "தெரிஞ்சுக்குவேன்பா" என்றேன்.

உங்களுக்குச் சில கேள்விகள்

1. 840-க்கு எத்தனை காரணிகள்? (எழுதிப் பார்த்து எண்ணக் கூடாது!)

2. ஒரு மாணவி 144-க்கு 15 காரணி என்று எழுதினாள். 15 ஒற்றைப்படை ஆயிற்றே, அவள் விடை சரியா, தவறா? காரணம் கூறுக.

3. சரியாக 30 காரணிகள் உள்ள மிகச் சிறிய எண் எது? (குறிப்பு: அது 1000-க்குள் இருக்கிறது.)

விடையை வழியோடு ஒரு தாளில் எழுதி, பெயர், வகுப்பு குறிப்பிட்டு நூலக வாசலில் உள்ள பெட்டியில் போடவும். வெறும் விடை ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது. சரியான விடைகள் அடுத்த இதழில்.

இந்தக் கட்டுரையில் ஏதாவது எண் தப்பாக இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். பென்சிலால் பக்கத்திலேயே திருத்தி எழுதலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.



– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்